கொல்லையில் ஆபத்தான மரம்: தாமே வெட்டுவதா, ஆள் வைப்பதா?

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே விவசாயிகள் வரப்பைச் சீர்செய்கிறார்கள். வாய்க்காலைத் தூர் வாருகிறார்கள். கூரைக்குக் கீற்று மாற்றுகிறார்கள். ஆனால், வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. தாத்தா காலத்து மரம், எத்தனையோ காற்றைத் தாங்கிய மரம், இனியா விழப்போகிறது என்ற எண்ணமே அதற்குக் காரணம். 2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தோப்புத் தோப்பாகத் தென்னையைச் சாய்த்தது. அன்று வீட்டின் மேலும் மாட்டுக் கொட்டகையின் மேலும் விழுந்த மரங்களும் பல.

மரம் தானாக விழுவதால் வரும் ஆபத்து ஒன்று. அதை அகற்றப் போய் வரும் ஆபத்து மற்றொன்று. கூலி மிச்சம் என்று கோடரியும் கயிறுமாகப் புறப்படுகிறவர் இரண்டாவது ஆபத்தை நினைப்பதில்லை. எனவே மரத்தில் கை வைக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும்.

1. அந்த மரம் உண்மையிலேயே ஆபத்தானதா?
2. வெட்டாமலே அந்த ஆபத்தை நீக்க முடியுமா?
3. வெட்டத்தான் வேண்டும் என்றால், அதை வீட்டார் செய்யலாமா, தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டுமா?

மரத்தைச் சோதிக்கும் முறை

மரத்தை வேரிலிருந்து மேல்நோக்கிப் பார்த்துவர வேண்டும். மரம் சாய்ந்திருப்பதாலேயே ஆபத்தானது என்று சொல்லிவிட முடியாது. இளம்பருவத்திலேயே சாய்ந்து, பின் நுனி நிமிர்ந்து வளர்ந்த மரம் பல ஆண்டுகள் நிற்கும். நேராக நின்ற மரம் அண்மையில் சாய்ந்திருந்தால்தான் கவலை. சாய்வுக்கு எதிர்ப்புறத்தில் மண் வெடித்திருக்கிறதா, தரை மேடிட்டு வேர் தூக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் வேர் பிடிப்பு விட்டுவிட்டது என்று பொருள். கழிவுநீர்த் தொட்டிக்கோ, அஸ்திவாரத்துக்கோ பள்ளம் தோண்டியபோது ஒரு பக்கத்து வேர்கள் வெட்டுப்பட்டிருந்தாலும் இதே நிலைதான்.

அடுத்தது அடிமரம். அடியில் காளான் முளைத்திருந்தால் உள்ளே கட்டை உளுத்துவருகிறது எனலாம். மரச்சுத்தியால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் நல்ல கட்டையில் கெட்டியான ஒலியும், பொந்து உள்ள இடத்தில் பறை போன்ற ஒலியும் எழும். பொந்து இருப்பதனாலேயே மரம் விழுந்துவிடாது. பொந்தைச் சுற்றிலும் மரத்தின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு கனத்துக்காவது திடமான கட்டை இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உதாரணமாக, 18 அங்குலம் விட்டமுள்ள மரத்தின் ஆரம் 9 அங்குலம். ஆகவே சுற்றிலும் 3 அங்குலமாவது நல்ல கட்டை வேண்டும். பொந்து ஒரு பக்கமாக அகலத் திறந்திருந்தால் இந்தக் கணக்கு போதாது. அதைவிடக் கூடுதல் கட்டை தேவை.

மேலே இரு பெருங்கிளைகள் ஒட்டிப் பிரியும் கவட்டில் பிளவு இருக்கிறதா, பட்டுப்போன கிளைகள் தொங்குகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். முருங்கை, இலவம் போன்றவை எளிதில் முறியும். தூங்குமூஞ்சி மரம் கிளையை வெகு தூரம் பரப்புவதால் மழைக்காலத்தில் பாரம் தாங்காமல் முறிவதுண்டு.

தென்னையில் தனிக் கவனம்

தென்னையின் தண்டில் ஓட்டைகளும், அவற்றிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறும், மென்று துப்பியதுபோல் நாரும் வெளிவந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே இருக்கிறது. தண்டில் காதை வைத்துக் கேட்டால் புழு கடிக்கும் ஓசை கேட்பதுண்டு. முற்றிய நிலையில் கொண்டையே முறிந்து விழும். அடித்தண்டில் சாறு வடிந்து, மட்டைகள் தொங்கி, குரும்பை உதிர்ந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். நோய் தொடக்கத்தில் இருக்கும் மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி இட்டு, ஒரு சத போர்டோ கலவை 40 லிட்டரை மரத்தைச் சுற்றி ஊற்றுவது உண்டு. முற்றிய மரத்துக்கு இது பயன்தராது.

இடி விழுந்த தென்னையிலும், கூன்வண்டு துளைத்த தென்னையிலும், பட்டுப்போன தென்னையிலும் யாரையும் ஏற்றக்கூடாது. வெளியே மரமாகத் தெரிந்தாலும் உள்ளே மக்கிய நாராக இருக்கும். ஏறுபவரின் எடையிலேயே முறிந்துவிடும்.

விழுந்தால் எங்கே விழும்?

வெறும் திடலில் நிற்கும் பட்ட மரம் யாருக்கும் ஆபத்தில்லை. குழந்தைகள் படுத்துறங்கும் அறையின் மேல் சாய்ந்திருக்கும் மரம் பச்சையாக இருந்தாலும் கவனிக்க வேண்டியது. ஆகவே மரத்தின் உயரத்தை அறிய வேண்டும். இதற்கு ஏற வேண்டியதில்லை. சமதரையில் 5 அடிக் குச்சியைச் செங்குத்தாக நட்டு அதன் நிழலை அளக்க வேண்டும். அதே நேரத்தில் மரத்தின் நிழலையும் அளக்க வேண்டும். குச்சியின் நிழல் 4 அடி, மரத்தின் நிழல் 32 அடி என்றால் மரத்தின் உயரம் 40 அடி. அந்த 40 அடி வட்டத்துக்குள் இருப்பவை எல்லாம் மரம் விழக்கூடிய இடங்களே. சிதறும் கிளைக்காக இன்னும் பாதியைக் கூட்டி, 60 அடி என்று கொள்வது நலம்.

வெட்டாமல் தீர்க்க வழி

பல மரங்களுக்கு முழு வெட்டு தேவைப்படாது. பட்ட கிளைகளை நீக்கினால் போதும். தென்னையில் பருவமழைக்கு முன் முற்றிய காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிடலாம். மரத்தடியில் கட்டும் மாட்டை வேறு இடத்தில் கட்டலாம். பொந்தைச் சிமெண்டுக் கலவையால் அடைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. அது மரத்துக்கு வலு சேர்ப்பதில்லை என்பதால் இப்போது அதைச் செய்வதில்லை. நெடுமரத்தின் தலையை மொட்டையாக வெட்டிவிடுவதும் தவறு. வெட்டுவாயில் கட்டை உளுக்கும். புதிதாக வரும் போத்துகள் பிடிப்பின்றி முறியும். முருங்கை மட்டும் இதற்கு விலக்கு.

யார் வெட்டுவது?

கீழ்க்கண்ட எல்லாம் பொருந்தினால் மட்டுமே வீட்டார் தாமே வெட்டலாம்.

* உயரம் 20 அடிக்குள், பருமன் ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்.
* சுற்றிலும் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்துக்கு வீடு, கிணறு, கொட்டகை, வேலி, பாதை இருக்கக்கூடாது.
* எந்த மின்கம்பியும் அருகில் இருக்கக்கூடாது.
* அடிமரம் திடமாக, பெரிய சாய்வில்லாமல் இருக்க வேண்டும்.
* தரையில் நின்றே வெட்டக்கூடியதாக இருக்க வேண்டும்.
* உடன் ஒருவராவது இருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டும். சாய்ந்த மரத்தைப் பின்புறம் அறுக்கும்போது அது நெடுக்கே பிளந்து, மேலெழுந்து, அறுப்பவரின் மார்பிலோ முகத்திலோ அடிக்கும். உளுத்த மரம் எண்ணிய திசையில் விழாது. புயலில் முறிந்து வளைந்து நிற்கும் கிளையை வெட்டினால் வில் போல் தெறிக்கும். பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்ட மரத்தின் கீழே போவது உயிரோடு விளையாடுவதாகும். மரத்தில் கதண்டுக் கூடு இருந்தால் கோடரியை எடுக்கவே கூடாது. முதல் வெட்டின் அதிர்வே அவற்றைக் கிளப்பிவிடும்.

மின்கம்பியைப் பொறுத்தவரை விதிவிலக்கே இல்லை. பச்சைக் கிளை, ஈரக் கயிறு, பச்சை மூங்கில் எல்லாம் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக்கு வரும் கம்பிதானே என்று எண்ணக்கூடாது. உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, அவர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகே கிளையைத் தொட வேண்டும்.

மூன்று மரங்கள், மூன்று முடிவுகள்

ஒரு சிறு விவசாயியின் கொல்லையில் மூன்று மரங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது முருங்கை. உயரம் 15 அடி, பருமன் 7 அங்குலம். சுற்றிலும் காய்கறிப் பாத்திதான். கிளைகள் பாரம் தாங்காமல் முறிகின்றன. இதை அவரே கவனிக்கலாம். ஆனால் மேலே ஏறக்கூடாது. முருங்கையில் ஏறாதே என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பயமுறுத்தல் அன்று. கிளைகளைத் தொரட்டியால் இறக்கிவிட்டு, அடிமரத்தை 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால் புதுக் கிளைகள் தழைத்துக் கைக்கெட்டும் உயரத்தில் காய்க்கும்.

இரண்டாவது வேம்பு. விட்டம் 18 அங்குலம். அடியில் சிறிய பொந்து. மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தால் பொந்து நடுவில் 10 அங்குல அகலம் இருக்கிறது. ஆகவே சுற்றிலும் 4 அங்குலக் கட்டை உள்ளது. மரத்தை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு கிளை மின்கம்பியில் உரசுகிறது. அந்தக் கிளையை மின்வாரியத்தாரைக் கொண்டே நீக்க வேண்டும். பொந்தை ஆண்டுதோறும் அளந்து வர வேண்டும்.

மூன்றாவது தென்னை. உயரம் 50 அடி. ஓட்டு வீட்டிலிருந்து 12 அடி தள்ளி நிற்கிறது. அடித்தண்டில் மூன்று அடி உயரத்துக்குச் சாறு வடிந்திருக்கிறது, மட்டைகள் தொங்கிவிட்டன. வருடம் 80 காய் கொடுத்த மரம் என்பதால் வீட்டாருக்கு மனம் வருவதில்லை. ஆனால் இப்போது குரும்பை நிற்பதில்லை. வருமானம் போய்விட்டது, ஆபத்து மட்டும் தங்கியிருக்கிறது. இதை மழைக்கு முன்பே அகற்ற வேண்டும். வீடு அருகில் இருப்பதால் இது வீட்டார் செய்யும் வேலை அன்று. தொழிலாளர் மரத்தின் நிலையைப் பார்த்து, ஏறித் துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குவதா, வேறு வழியா என்று முடிவு செய்வார்கள். நோயை அவர்களிடம் மறைக்கக்கூடாது. ஏறுகிறவருக்கும் குடும்பம் உண்டு.

ஆள் வைக்கும்போது பேசி முடிக்க வேண்டியவை

கட்டை யாருக்கு, விறகு யாருக்கு, தூரைத் தோண்டுவது யார், ஓடு உடைந்தால் யார் பொறுப்பு என்பதை வேலைக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும். வேம்பு, மா, தேக்கு போன்றவற்றின் கட்டைக்கு விலை உண்டு. மரவியாபாரி வெட்டுக்கூலியைக் கழித்துக்கொண்டு பணம் தரவும் கூடும். எனவே இருவர் மூவரிடம் கேட்பது நல்லது. கூலியைக் கண்டு மலைக்கிறவர், கால் முறிந்து ஒரு சாகுபடிப் பருவம் முழுவதும் படுக்கையில் கிடந்தால் நடவுக்கும் அறுப்புக்கும் ஆகும் கூலியையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

தாமே வெட்டும்போது

காற்றும் மழையும் இல்லாத காலை வேளையில் தொடங்க வேண்டும். குழந்தைகளையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்த வேண்டும். மரம் விழும் திசைக்குப் பின்புறமாக, இரு பக்கமும் சாய்வாக ஒதுங்கும் வழிகளைச் சுத்தம் செய்ய வேண்டும். கயிறு கட்டி இழுப்பதானால் அதன் நீளம் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு வேண்டும்.

விழவேண்டிய பக்கத்தில் பருமனில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதலில் வெட்டுவாய் எடுக்க வேண்டும். பிறகு எதிர்ப்புறத்தில், வெட்டுவாயைவிட ஓர் அங்குலம் உயரத்தில் அறுக்க வேண்டும். முழுவதும் அறுத்துவிடக் கூடாது. நடுவே பத்தில் ஒரு பங்கு கட்டையை விட வேண்டும். கதவுக்குக் கீல் போல அதுவே மரத்தைத் திசை மாறாமல் இறக்கும். 8 அங்குல மரத்துக்கு வெட்டுவாய் 2 அங்குலம். விடும் கட்டை முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். மரம் அசைந்ததும் கருவியை விட்டுவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். பாதி அறுத்த மரத்தை அப்படியே விட்டுச் சாப்பிடப் போகக்கூடாது.

அனுமதி

மரம் பட்டா நிலத்தில்தான் நிற்கிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். சாலையோர, ஏரிக்கரை, புறம்போக்கு மரங்களைத் தொடக்கூடாது. எல்லையில் நிற்கும் மரத்துக்குப் பக்கத்து நிலத்துக்காரரின் சம்மதம் வேண்டும். மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டின் மரங்கள் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. சந்தனம், ஈட்டி, தேக்கு மரங்களுக்கு வனத்துறையைக் கேட்க வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-ஆம் ஆண்டு தமிழக வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது.

வெட்டிய பின்

தென்னந்தண்டையும் தூரையும் மட்கக் கிடக்க விட்டால் காண்டாமிருக வண்டு அதில் பெருகி மற்றத் தென்னைகளைத் தாக்கும். வாடல் நோய் கண்ட மரத்தின் தூரைத் தோண்டி அகற்றி எரித்துவிட வேண்டும்.

ஒரு மரம் போன இடத்துக்கு வேறொரு கன்று வைப்பது வழக்கம். புதுத் தென்னங்கன்றை வீட்டுச் சுவரிலிருந்து 25 அடியாவது தள்ளி, 3 அடி நீள, அகல, ஆழக் குழியில் நடலாம். இன்று அளந்து நட்டால், பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த மரத்தை நிம்மதியாக நிமிர்ந்து பார்க்கலாம்.