நாலாம் நாள்

அன்புள்ள மருமகனுக்கு,

ஆடியில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் கிளம்புகிறாய் என்று உங்கம்மா சொன்னாள். நீ அனுப்பிய ஐந்து நாள் திட்டத்தையும் பார்த்தேன். விழுப்புரம், திருச்சி, மதுரை என்று முதல் மூன்று நாளும் ஊரைவிட்டுக் கிளம்பிய உற்சாகமே உன்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். என் கவலையெல்லாம் நாலாம் நாளைப் பற்றித்தான். மதுரையிலிருந்து திருநெல்வேலி ஏறக்குறைய 155 கிலோமீட்டர். மூன்று நாள் அலுப்பு காலில் இருக்கும். சாத்தூர்ப் பக்கம் கரிசல் காடு, ஒதுங்க நிழல் கிடைப்பது அரிது.

அன்றைக்கு நாலரை மணிக்கே கிளம்பிவிடு. முன்னாலும் பின்னாலும் விளக்கு எரியட்டும். அங்கே வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். பத்து மணிக்குள் சாத்தூரைத் தாண்டப் பார். அதற்காகக் காலைக் குளிர்ச்சியில் கால் துருதுருவென்கிறதே என்று மிதித்துத் தள்ளிவிடாதே. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும்.

நான் அந்தத் தப்பைச் செய்தவன். உன் வயதில் அப்படி மிதித்துத் தள்ளி, பசியே இல்லையே என்று விருதுநகரில்கூட நிற்காமல் போனேன். கோவில்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கை நடுங்கியது. பெடலில் இருப்பது யார் காலோ என்று தோன்றியது. வேப்பமரத்தடியில் சரிந்து உட்கார்ந்தேன். அங்கே மோர் விற்ற ஆச்சி ஒரு சொம்பு மோரில் உப்பைக் கூடவே போட்டுக் கொடுத்து, கடலைமிட்டாயையும் உடைத்துக் கையில் வைத்தாள். தெளிந்து எழுந்திருக்க அரைமணி நேரம் ஆனது.

உடம்பு சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரை, அழுத்தி மிதித்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்குத்தான் வரும். பசித்த பிறகு சாப்பிட்டால் அது காலுக்கு வந்து சேர நேரமாகும். அதனால் அரைமணிக்கொரு தடவை வாழைப்பழமோ கடலைமிட்டாயோ வாயில் போட்டுக்கொண்டே போ. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருக்காதே. சட்டையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் உன் உப்புதான். மோர், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, எது கிடைத்தாலும் விடாதே.

கயத்தாறு நெருங்கும்போது காற்றாலைகள் தென்படும். இறக்கைகள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ, காற்று அங்கிருந்துதான் வருகிறது. ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று, தெற்கே போகிற உனக்கு வலப்பக்கத்து அடி. உன்னை அறியாமலே வலப்பக்கம் சாய்ந்து ஓட்டுவாய். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி உன்னைத் தாண்டும். அது காற்றை மறைத்த கணத்தில் சைக்கிள் லாரிப் பக்கமே இழுக்கும். அது போனதும் மறுபடி இடப்பக்கம் தள்ளும். லாரிச் சத்தம் கேட்டதுமே ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடி, முழங்கையைத் தளர்த்து, ஓரமாக இரு. இந்த ஒன்றை மட்டும் மறக்கவே மறக்காதே, கண்ணு.

பஞ்சரானால் டியூபை மாற்றிவிட்டு அவசரமாக ஏறிவிடாதே. வெடித்த லாரி டயர்களின் இரும்புக் கம்பி மயிரிழை மாதிரி ரோட்டோரம் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. டயரின் உட்புறத்தை ஒரு துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டு வா. துணி சிக்குகிற இடத்தில் கம்பி இருக்கும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் பத்து கிலோமீட்டரில் அதுவும் போகும்.

கயத்தாறில் இறங்கி, 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் இருக்கும் நினைவிடத்தைப் பார்த்துவிட்டுப் போ. காலுக்கும் ஓய்வு. ஒருவேளை கோவில்பட்டி போய்ச் சேரவே நாலு மணி ஆகிவிட்டால் அங்கேயே தங்கிவிடு. ஐந்து நாள் ஆறு நாளானால் என்னப்பா?

திருநெல்வேலி போனதும் முதலில் அம்மாவுக்குப் போன் போடு. எனக்குச் சாப்பிட்ட பிறகு போட்டால் போதும். எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
மாமா