மரம் அசையும், கண்ணாடி அசையாது

பீரோ கதவில் ஆளுயரக் கண்ணாடி, டீப்பாய் மேல் கண்ணாடிப் பலகை, பூஜை அறைக் கதவில் பூ வேலைப்பாடு செய்த கண்ணாடி. எதை ஒட்டுவதானாலும் ஹார்டுவேர் கடையில் நாம் கேட்பது ஒன்றுதான்: "நல்லா ஸ்ட்ராங்கான பசையா குடுங்க." கோளாறே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

நம்பிக்கை: மரத்தைப் பிடிக்கும் வெள்ளைப் பசை கண்ணாடியையும் பிடிக்கும்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை தண்ணீரில் கலந்த பிசின். அந்தத் தண்ணீரை மரம் உறிஞ்ச உறிஞ்சத்தான் பசை இறுகி நாருக்குள் கவ்வும். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. காய்ந்ததும் பிடித்தாற்போலத்தான் இருக்கும். மழைக்கால ஈரம் பட்டால் ஓரம் கிளம்பத் தொடங்கிவிடும்.

நம்பிக்கை: ஒரு சொட்டு ஃபெவிக்விக் போதும்.

ஒட்டும், அதில் சந்தேகமில்லை. கண்ணாடி மேல் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரமே அதை நொடியில் இறுக்கிவிடுகிறது. ஆனால் விறைத்த பசை அது, அதிர்ச்சி தாங்காது. அடித்துச் சாத்தும் கதவுக்கு ஆகவே ஆகாது.

நம்பிக்கை: பிடி எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது.

அரால்டைட்டின் இரண்டு ட்யூபையும் சரிக்குச் சரி கலந்து ஒட்டினால் மரத்தையும் விடாது, கண்ணாடியையும் விடாது. தொல்லையே அதுதான். காற்றில் ஈரம் கூடினால் மரம் உப்பும், குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் அது பெரிதாகத் தெரியாது. ரேகைக்குக் குறுக்கேதான் ஆட்டம். 60 செ.மீ. அகலத் தேக்குப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் கூடினால், அறுத்த விதத்தைப் பொறுத்து அகலம் 2 முதல் 4 மி.மீ. வரை கூடும். அதே அகலமுள்ள கண்ணாடி 20 டிகிரி சூடேறினாலும் 0.1 மி.மீ. அளவுக்குத்தான் விரியும். இடையில் கல்லாய் இறுகிய பசை இருவருக்கும் இடம் கொடுக்காது. சித்திரையில் ஒட்டியது ஐப்பசி மழையில் பெயர்ந்து வரும்; பெயராவிட்டால் கண்ணாடியில் விரிசல் ஓடும்.

பிடி மிஞ்சினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாடித் தொழில்காரர்கள் ஒரு கலையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். மணலைப் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கிய கண்ணாடியில், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரப் பசையைத் தடவிக் காயவிடுவார்கள். பசை சுருங்கும்போது கண்ணாடியின் மேல்பரப்பையே செதில் செதிலாகப் பிய்த்துக்கொண்டு வரும். அடியில் பெரணி இலைக் கோலம் மிஞ்சும். அலங்கார ஜன்னலுக்கு அது அழகு. நம் வீட்டு டீப்பாய்க்கு வேண்டாம்.

சின்ன வேலைக்கு அரால்டைட் போன்ற எபாக்ஸியைத் தாராளமாகப் போடலாம். 2 செ.மீ. கண்ணாடிக் குமிழுக்கு அடியில் மரம் எவ்வளவு நகர்ந்துவிடப்போகிறது? அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால் பிளைவுட்டும் அதிகம் ஆடாது. அகலமான பலகை மரத்துக்கு மட்டும் ரப்பர்போல் இழுபடும் பசைதான் வேண்டும். அதாவது சிலிக்கான்.

நம்பிக்கை: சிலிக்கான் எல்லாம் ஒன்றுதான்.

வினிகர் வாடை அடிக்கும் ரகம் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகில் இருக்கும் வெள்ளிப் பூச்சை அது அரித்து, சில மாதங்களில் கருந்திட்டுகளைக் கொண்டுவரலாம். அதற்கு 'நியூட்ரல்' என்று போட்ட ட்யூபைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான்.

நம்பிக்கை: முழுக்கத் தடவி நன்றாக அழுத்த வேண்டும்.

சிலிக்கான் இறுகுவதற்குக் காற்றின் ஈரம் வேண்டும். ஓரத்திலிருந்து உள்ளே நாளுக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும். முழுக்கப் பூசிவிட்டால் நடுப்பகுதி வெகுநாள் கொழகொழவென்றே கிடக்கும். மேலிருந்து கீழாக, இடைவெளி விட்டு வரிவரியாக விடுங்கள். பிதுங்கி வழியும்வரை அழுத்தாதீர்கள். 2, 3 மி.மீ. கனம் நின்றால்தான் அது இழுபட முடியும்.

உப்புத்தாள் போட்டால் கண்ணாடியில் பிடிமானம் கூடும் என்பதும் வேண்டாத வேலை. கண்ணாடியின் பலத்தைக் குறைப்பது அதன் மேல் இருக்கும் நுண்கீறல்கள்தான் என்று பொறியாளர் கிரிஃபித் 1921-லேயே காட்டிவிட்டார். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தாலே போதும். தேய்க்க வேண்டியது மரத்தின் வார்னிஷை. அதன் மேலேயே ஒட்டினால் உங்கள் பசை பிடித்திருப்பது மரத்தை அல்ல, வார்னிஷை.

இவ்வளவு பார்த்துச் செய்தாலும் எடையைப் பசையின் தலையில் மட்டும் கட்டாதீர்கள். 4 அடிக்கு 2 அடி, 5 மி.மீ. கண்ணாடி 9 கிலோவுக்கு மேல் கனக்கும். அடியில் ஒரு மரப் பீடிங் தாங்க வேண்டும். நான்கு பக்கமும் பீடிங் அடித்து, உள்ளே 2, 3 மி.மீ. இடம் விடச் சம்மதிக்கும் ஆசாரி கிடைத்தால் பசையே வேண்டாம். பின்னாளில் கண்ணாடி உடைந்தால் பீடிங்கை நெம்பி எடுத்து வேறு கண்ணாடி மாட்டிவிடலாம். சிலிக்கானில் ஒட்டியதென்றால், மெல்லிய கம்பியைப் பின்னால் நுழைத்து இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.