மடக்குக் கூரை வண்டி வீடும் அதன் கணப்பும்

அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டீன்பெக் 1960-ஆம் ஆண்டில் ஒரு பிக்-அப் வண்டியின் முதுகில் சிறு வீடொன்றை ஏற்றிக்கொண்டு, தம் நாயைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, நாட்டைச் சுற்றிவந்தார். வண்டிக்கு அவர் இட்ட பெயர் ரோசினான்டே. டான் கிஹோட்டேயின் நோஞ்சான் குதிரையின் பெயர் அது. அவருடைய வீட்டின் கூரை அசையாதது. கூரையை உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய வண்டி வீடுகளும் அங்கே உண்டு. கொலராடோ, யூட்டா, அலாஸ்கா போன்ற குளிர்ப் பகுதிகளில் பனிக்காலத்திலும் இவற்றில் தங்கி உறங்குவோர் இருக்கின்றனர். வெப்பவியல் படிக்கும் எனக்கு இந்த வீடு ஒரு நல்ல கணக்காகத் தோன்றிற்று. மார்கழிப் பனியைத்தான் குளிர் என்று எண்ணி வளர்ந்து, தில்லி ஜனவரியில் ரஜாய்க்குள் ஒடுங்கிய நம் மாணவர்க்கும் இதில் செய்தி இருக்கின்றது.

வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும். அதனால் காற்றின் எதிர்ப்பு குறையும். எடையும் தாழ்வாக நிற்கும். நிறுத்தியபின் கூரையைச் சுமார் 60 சென்டிமீட்டர் உயர்த்துவர். அவ்விடைவெளியைச் சுற்றி மறைப்பது வைனில் பூசிய கித்தான். கீழ்ச்சுவரோ அலுமினியத் தகடும் அதன் உள்ளே வெப்பம் கடத்தாத பொருளும் கொண்டது. ஆகவே இது கீழ்ப்பாதி வீடு, மேற்பாதி கூடாரம். ஓட்டுநர் அறைக்கு மேலே நீண்டிருக்கும் பகுதியில் படுக்கை. அதாவது, உறங்குகிறவர் தலை கூடாரப் பாதியில்தான் இருக்கும்.

வெளியே சுழியத்துக்குக் கீழே 7 டிகிரி, உள்ளே 18 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 25 டிகிரி. வீடு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உடையதாயின், கித்தான் பரப்பு 6 சதுர மீட்டர். கூரையும் 6 சதுர மீட்டரே. ஒற்றைத் துணி வழியே, ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் சுமார் 6 வாட் வெப்பம் வெளியேறும். ஆகவே கித்தான் வழியே மட்டும் 900 வாட் போய்விடுகின்றது. விடுதிக் காப்பாளர் கண்ணில் படாமல் நம்மிற் சிலர் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் மின் கணப்பு முழுவதும் இந்தத் துணிக்கே செலவு என்க! அதே பரப்புள்ள கூரையில் 25 மில்லிமீட்டர் நுரைப் பலகை இருந்தால், அதன் வழியே போவது 170 வாட்டுக்குள் அடங்கும்.

எனவே உள்ளமைப்பைத் திருத்துகிறவர்கள் முதலில் கை வைக்க வேண்டிய இடம் கித்தான்தான். இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு உட்புறம் இன்னொரு திரை கட்டினாலே, இடையில் சிக்கிய காற்று 900 வாட்டை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். அத்திரையில் இடைவெளியை நோக்கிய பக்கம் பளபளப்பான அலுமினியப் படலமாயின், கதிர்வீச்சும் தடைபட்டு இழப்பு இன்னும் குறையும். காற்றுக்குமிழ் வைத்த பளபளப்புத் தாளை அளவாக வெட்டி, வெல்க்ரோ நாடாவால் ஒட்டிக்கொள்வது பலருடைய வழக்கம். இதிற் பெரும் செலவில்லை. அடுப்பை மாற்றுவதைவிட இதுவே அறிவுடைய முதல் வேலை என்பது என் கருத்து. அலுமினியச் சட்டங்களையும் மறத்தல் ஆகாது. மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் உலோகம் அது. சட்டம் உள்ளே தெரிகிற இடமெல்லாம் துணியோ கார்க்கோ ஒட்டி மூடுதல் நலம்.

இதுவரை வெப்பத்தின் கதை. உண்மையான தொல்லை நீராவியில்தான் இருக்கின்றது. உறங்குகிற ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் மணிக்கு 30 முதல் 50 கிராம் வரை நீரை வெளியிடுகிறார். 18 டிகிரியில் 60 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்று, 10 டிகிரியளவு குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே பனித்துளி படியும். மேற்சொன்ன ஒற்றைக் கித்தானின் உட்பக்கமோ சுழியத்தை ஒட்டியிருக்கும். விடியற்காலையில் அது சொட்டும். இன்னும் குளிர்ந்தால் உறைபனியாய்ப் படியும். மெத்தையின் அடியிலும் நீர் கோத்து நாளடைவில் பூஞ்சணம் பிடிக்கும். அதனாற்றான் மெத்தைக்கும் பலகைக்கும் இடையே காற்றோடும் வலைப்பாய் ஒன்றை விரிக்கின்றனர். சுவரோரப் பெட்டிகளின் கதவுகளிலும் துளையிட்டுவிடுகின்றனர்.

இந்நிலையில் சுடர் வெளியே தெரியும் புரொப்பேன் கணப்பை உள்ளே ஏற்றினால் என்னாகும்? வேதியியல் நண்பர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். 44 கிராம் புரொப்பேன் முழுதும் எரிந்தால் 72 கிராம் நீர் பிறக்கின்றது. ஓர் இரவில் ஒரு கிலோ எரித்தால் 1.6 கிலோ நீர் அறைக்குள்ளேயே வந்து சேரும்! குளிருக்கு அஞ்சி மழையை உள்ளே அழைத்த கதைதான்.

ஈரத்தோடு போனாலும் பரவாயில்லை. காற்றுப் போதாதபோது எரிதல் குறைபட்டுக் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட அதனை 200 மடங்குக்கு மேல் விரும்பிப் பற்றிக்கொள்கின்றது. உறங்குகிறவர் விழிப்பதேயில்லை. இக்கணப்புகளிற் சிலவற்றில் ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் அமைப்பு உண்டு. ஆயினும் அதை நம்பி உறங்குதல் தகாது.

இங்கே நான் வண்டியை விட்டுச் சற்று இறங்க வேண்டியிருக்கின்றது. மூடிய அறையில் அங்கீட்டியை, அதாவது நம் ஊர்க் குமுட்டி அடுப்பை, மூட்டிவிட்டு உறங்கியவர்கள் மாண்ட செய்தி வட இந்திய நாளிதழ்களில் குளிர்காலந்தோறும் வருகின்றது. சன்னலில்லாத குளியலறையில் எரிவாயுக் கீசர் வைத்தவர்களுக்கும் அதே கதி நேர்ந்திருக்கின்றது. விடுதியில் இடம் கிடைக்காமல் வெளியே வாடகை அறையில் இருக்கும் நண்பர்கள் இதைத் தயவுசெய்து ஏட்டுப் பாடமாகக் கொள்ள வேண்டாம். படுக்குமுன் நெருப்பை அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

வண்டி வீட்டுக்கு ஏற்ற கணப்பு, எரியும் அறையும் மனிதர் மூச்சுவிடும் அறையும் வேறு வேறாக உள்ளதே. அது வெளிக்காற்றை உறிஞ்சி, புகையையும் நீராவியையும் குழாய் வழியே வெளியே தள்ளும். இடையிலுள்ள உலோகச் சுவர் வெப்பத்தை மட்டும் உள்ளே தரும். புரொப்பேனால் எரிவதும் உண்டு. ஜெர்மானிய நிறுவனங்களான வெபாஸ்டோவும் எபர்ஸ்பேகரும் செய்யும் டீசல் வகையும் உண்டு. இரண்டு கிலோவாட் டீசல் கணப்பு முழு வேகத்தில் மணிக்குக் கால் லிட்டர் அளவே குடிக்கும்.

அது இருந்தாலும் சன்னலை அடைத்துவிடலாகாது. இருவர் உறங்கினால் மணிக்குச் சுமார் 80 கிராம் நீராவியை வெளியேற்ற வேண்டும். மேற்சொன்ன நிலையில், உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டர் குளிர்காற்றும் ஆறு கிராமுக்குமேல் ஈரத்தைச் சுமந்து வெளியேறும். ஆகவே மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கன மீட்டர் காற்று மாறினாற் போதும். அதனைச் சூடாக்க ஆகும் செலவு நூறு வாட்டை ஒட்டியது. திரை கட்டி நாம் மிச்சம் பிடித்த வெப்பத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை! மேலே கூரைத் துவாரத்தை இரண்டு விரற்கடையும், கீழே ஒரு சன்னலைச் சிறிதும் திறந்து வைத்தால் காற்று தானே ஏறி ஓடும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றும் படுக்கைக்கருகில் இருக்க வேண்டும்.

எரிபொருளிலும் ஒரு நுட்பம் உண்டு. புரொப்பேன் சுழியத்துக்குக் கீழே 42 டிகிரியிலும் கொதித்து ஆவியாகும். பியூட்டேனோ சுழியத்தை ஒட்டியே சோர்ந்துவிடும். நம் சமையல் உருளையில் இரண்டும் கலந்திருப்பதால் அது கடுங்குளிரில் மந்தமாகும். அமெரிக்காவில் வண்டி வீடுகளுக்கு நிரப்புவது பெரும்பாலும் புரொப்பேன். எந்தக் கணப்பாயினும் அதன் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். லித்தியம் மின்கலத்தைச் சுழியத்துக்குக் கீழ்ப்பட்ட குளிரில் மின்னேற்றம் செய்தால் அது கெடும். ஆகையால் அதனை வண்டிக்கு வெளியே மாட்டாமல், உள்ளே இருக்கைப் பெட்டிக்குள், கணப்புக் குழாய்க்கு அருகில் வைத்துக்கொள்கின்றனர்.