ஓரப்பட்டி ஏன் முறுக்கிக்கொள்கிறது?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

போடிநாயக்கனூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஏலக்காய்தான் நினைவுக்கு வரும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு இலவம்பஞ்சும் அதே அளவு பழக்கம். குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் இலவங்காய், இங்கேதான் பஞ்சாகி, தலையணையும் மெத்தையுமாக வெளியே போகிறது. உறை தைப்பது, பைப்பிங் வைப்பது, ஓரத்துக்குப் பட்டி பிடிப்பது எல்லாம் அதனால் இந்த ஊருக்குப் புதிதில்லை. ஊருக்குள் மின்விசிறி இல்லாமல் தூக்கம் வராத அதே இரவில், கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டுக்குப் போனால் போர்வை வேண்டியிருக்கும். பழைய நூல் சேலைகளை அடுக்கித் தைத்த போர்வைக்கு ஏலத்தோட்டத்து வீடுகளில் வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

அந்தப் போர்வையின் கடைசி வேலை ஓரப்பட்டி. நடுவில் ஓட்டிய தையல் கொஞ்சம் வளைந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஓரம் கோணினால் எல்லார் கண்ணிலும் படும். போதாக்குறைக்கு, தைக்கும்போதே பட்டி முறுக்கிக்கொள்ளும், காலில் சுற்றும், மிஷின் சக்கரத்துக்குள் போகும். இதைப் பற்றித் தையல் தெரிந்தவர்கள் மத்தியில் சில உறுதியான கருத்துகள் உண்டு. அவற்றில் பாதி ரவிக்கை தைத்துப் பழகிய கையிலிருந்து வந்தவை. போர்வைக்கு அவை பொருந்தாது.

“நீளமா விட்டா சிக்கத்தான் செய்யும், துண்டு துண்டா வெட்டித் தைச்சிரு.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 இஞ்ச் அகலம், 90 இஞ்ச் நீளமுள்ள போர்வைக்குச் சுற்றளவு 300 இஞ்ச். மூலை மடிப்புக்கும் கடைசி ஜாயின்ட்டுக்கும் 12 இஞ்ச் கூட்டினால் 312 இஞ்ச், அதாவது ஏறக்குறைய 8 மீட்டர். 44 இஞ்ச் பன்னா துணியில் கரையை நீக்கினால் 42 இஞ்ச் மிஞ்சும். அதில் இரண்டரை இஞ்ச் அகலத்தில் குறுக்கே வெட்டினால் 8 துண்டு வேண்டும், 7 ஜாயின்ட் விழும். இன்னும் சிறிதாக வெட்டினால் ஜாயின்ட் கூடும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரு தடிப்பு, துண்டைத் திருப்பி வைத்துத் தைத்துவிட இன்னொரு வாய்ப்பு. ஒன்றைத் திருப்பி வைத்தாலும் போதும், பட்டியின் பாதி நல்ல பக்கத்தையும் மீதி உள்பக்கத்தையும் காட்டும். பிறகு எப்படிச் சுருட்டினாலும் அது நேராகாது.

இதற்கு நம் வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது, ஆனால் ஏனோ பலர் அதைத் தொடுவதில்லை. ஐந்தரை மீட்டர் சேலை நீளவாக்கில் 216 இஞ்ச். குறுக்கே வெட்டாமல் நீளத்துக்கு இரண்டு பட்டி கிழித்தால் 432 இஞ்ச் கிடைக்கும். 312 இஞ்ச் போர்வைக்கு இடையில் ஒரே ஒரு ஜாயின்ட் போதும், முடிவில் தலையையும் வாலையும் சேர்ப்பது தனி. நீளவாக்கில் ஓடுவது பாவு நூல். ஊடையைவிட அது குறைவாகவே நீளும் என்பதால் பட்டியும் அலையாமல் உட்காரும். சரிகைக் கரையை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம், மூலையில் மடங்காது. கரையை ஒட்டிய உடல் பகுதியே நல்லது. தரையில் உரசித் தேய்ந்த கீழ்ப்பக்கத்தைவிட இடுப்புப் பக்கம் உறுதியாக இருக்கும். இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். இழை விட்டால் அது பட்டிக்கு ஆகாது, போர்வைக்குள்ளே போகட்டும்.

“பந்தா சுத்தி வச்சா சிக்காது.”

பாதிதான் உண்மை. சிக்கலின் மூலமே இங்கேதான் இருக்கிறது. சுற்றி வைப்பது நல்லது, ஆனால் சுருளிலிருந்து பட்டியை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சுருள் அசையாமல் கிடக்க, அதன் பக்கவாட்டில் பட்டியை உருவி எடுத்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முழு முறுக்கு பட்டியில் ஏறும். 8 மீட்டர் பட்டியை உள்ளங்கை அளவுக்குச் சுருட்டினால் சுமார் 40 சுற்று வரும். அத்தனை முறுக்கும் ஊசிக்கு முன்னால் வந்து குவிகிறது. சுருள் உருண்டு, பட்டி சுற்றின் போக்கிலேயே கழன்றால் ஒரு முறுக்கும் ஏறாது. சந்தேகம் இருந்தால் ஒரு ரிப்பன் சுருளை எடுத்து இரண்டு விதமாகவும் இழுத்துப் பாருங்கள்.

தேனி மாவட்டத்து நூற்பாலைகளில் கோன் வடிவில் நூல் சுற்றுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். கோனை நிற்க வைத்து நூலை மேலே உருவுகிறார்கள், அப்போதும் சுற்றுக்கு ஒரு முறுக்கு விழத்தான் செய்கிறது. ஆனால் நூல் உருண்டையானது. ஏற்கெனவே முறுக்கேறியது என்பதால் கூடக் குறைய ஒன்றிரண்டு முறுக்கு விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. பட்டி தட்டையானது, ஒரு முறுக்கு விழுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். கோனுக்குச் சரியான பழக்கத்தைப் பட்டிக்கும் கொண்டுவருவதுதான் தவறு.

ஆகவே பட்டியை ஓர் அட்டைக்குழலில் சுற்றி, அதற்குள் ஒரு குச்சியை விட்டு, உருளும்படி வையுங்கள். குழல் இல்லையென்றால் வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணத்தில் சுருளை நிறுத்தி மடியில் வைத்துக்கொள்ளலாம், இழுக்க இழுக்கத் தானே உருளும். சுருட்டவே பிடிக்காதவர்கள் பட்டியை முன்னும் பின்னுமாக மடித்து மடித்துத் துணிப்பையில் இறக்கலாம், கடைசியாக வைத்த நுனி முதலில் வெளியே வரும். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே எட்டு வடிவில் சுற்றுவதும் நல்ல வழி. ஒரு வளையத்தில் ஏறும் முறுக்கை அடுத்த வளையம் கழற்றிவிடும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். போர்வையின் கனம் ஊசிக்கு இடப்பக்கம் கிடக்கும், பட்டி வலப்பக்கத்து ஓரத்தில் ஓடும். மிதி மிஷினில் பெல்ட்டும் சக்கரமும் இருப்பதும் அதே வலப்பக்கம்தான். சுருளைத் தரையில் போட்டால் அது அங்கேதான் போய்ச் சேரும். அரசு கொடுத்த இலவசத் தையல் மிஷினானாலும் கடையில் வாங்கிய மோட்டார் மிஷினானாலும் மடிதான் பாதுகாப்பான இடம். மூலை வந்து போர்வையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் சுருளும் சேர்ந்து இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

“பட்டின்னாலே கிராஸ்தான்.”

கழுத்துக்கும் கைக்குழிக்கும் கிராஸ் பட்டி வேண்டும், ஏனென்றால் வளைவில் அது நீண்டு படியும். போர்வையின் ஓரம் நேராக ஓடுகிறது. அங்கே அந்த நீளும் குணமே உபத்திரவம். தைக்கத் தைக்க நீண்டு அலை விழும், சுருளில் இருக்கும்போதே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கோணும். நேர் பட்டி போதும். கிராஸுக்கு ஓர் அனுகூலம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நேர் பட்டியில் மடிப்பின் உச்சியில் ஒன்றிரண்டு இழைகளே தேய்ச்சலைத் தாங்கும், கிராஸில் பல இழைகள் அதைப் பகிர்ந்துகொள்ளும். தினமும் தரையில் இழுபடும் போர்வை, மூலை வளைந்த போர்வை ஆகியவற்றுக்குக் கிராஸ் வெட்டலாம். மற்றவற்றுக்கு அத்தனை துணியை வீணாக்கத் தேவையில்லை.

“இழுத்துப் பிடிச்சுத் தைச்சாத்தான் சுருக்கம் வராது.”

நேர்மாறு. இழுத்துத் தைத்த பட்டி, கையை விட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், அப்போது போர்வையின் ஓரம் கிண்ணம்போல் உள்ளே குவியும். மிஷினின் பல் கீழே இருக்கும் போர்வையைத்தான் நகர்த்துகிறது. மேலே இருக்கும் பட்டியைப் பாதம் அழுத்திப் பிடிப்பதால் அது பின்தங்கி முன்னே தள்ளிக்கொண்டு வரும். இதைத்தான் பலர் பட்டி கூடிவிட்டது என்று நினைத்து இழுக்கிறார்கள். ஒரு சாண் தூரத்துக்கு முன்கூட்டியே கிளிப்போ குண்டூசியோ போட்டு, ஊசிக்கு அருகில் வந்ததும் எடுத்துவிட்டால் போதும். பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து அயர்ன் போடுவது இன்னும் நல்லது. இரட்டையாகப் படிந்த பட்டி எளிதில் முறுகாது. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், மலை மழைக்காலத்தில் இன்னும் கூடும். மேலே தோட்டத்து வீட்டில் தைப்பவர்கள் அயர்ன் போட்ட கையோடு இறுகச் சுருட்டிவிடுவது நல்லது. விட்டுவைத்தால் மடிப்பு தளர்ந்துபோகும்.

“ஓரத்துக்குப் புதுத்துணி போட்டா உழைக்கும்.”

உழைக்கும், ஆனால் சுருங்கவும் செய்யும். உள்ளே இருக்கும் சேலைகள் பல வருஷம் துவைத்துச் சுருங்கி முடித்தவை. கடையிலிருந்து வந்த புது நூல் துணி முதல் துவைப்பில்தான் சுருங்கும். தைக்கும்போது அழகாக இருந்த ஓரம் முதல் துவைப்புக்குப் பிறகு நெளிவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு ஊறவைத்துக் காயப்போட்டால் தீர்ந்தது. சாயம் போகிற துணியா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கீழ்ப்பக்கம் நூல் கொத்தாகச் சிக்கிக்கொண்டால் உடனே பாபினைத் திட்டுவதும் ஒரு வழக்கம். கீழே கொத்து விழுந்தால் பெரும்பாலும் கோளாறு மேல் நூலில். டென்ஷன் தகடுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்காரவில்லை, அல்லது மேலே ஏறி இறங்கும் கொக்கியில் கோக்க விட்டுப்போயிருக்கும். பாதத்தைத் தூக்கிவிட்டு மேல் நூலை முதலிலிருந்து கோத்தால் சரியாகிவிடும். இலவம்பஞ்சு பறக்கும் இடத்தில் தைப்பவர்கள் பாபின் கேஸையும் அவ்வப்போது துடைக்க வேண்டும், அது வேறு கதை.

கடைசி ஜாயின்ட்தான் நிதானமானவர்களையும் ஏமாற்றும் இடம். தொடக்கத்தில் 8, 10 இஞ்ச் தைக்காமல் விட்டிருக்க வேண்டும். முடிவில் இரண்டு முனைகளும் பட்டியை வெட்டிய அகலத்துக்கு, அதாவது இரண்டரை இஞ்ச், ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விட்டு மீதியை நறுக்கி, சாய்வாகத் தைப்பது முறை. குண்டூசி குத்தியதும் தைக்காதீர்கள். பட்டியை ஓரத்தில் படியவைத்துப் பாருங்கள். உள்ளே ஒரு முறுக்கு ஒளிந்திருந்தால் அப்போது தெரியும். சாய்வுக்கு வெளியே இருக்கும் முக்கோணத்தை அதற்குப் பிறகு வெட்டலாம்.

“பட்டி இல்லாட்டி போர்வை நிக்காது.”

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வைகளுக்குத் தனிப் பட்டியே கிடையாது. ஒரு மூலையில் தொடங்கி, ஓரத் துணியை உள்ளே மடித்தபடி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துப் போகிறார்கள். கடைசியில் மூலைகளில் ‘பூ’ என்று சொல்லும் சிறு முக்கோணத் துணிகளை வைக்கிறார்கள். அந்தப் போர்வைகள் நன்றாகவே நிற்கின்றன. சேலை அடுக்குப் போர்வைக்கு நாமும் அப்படிச் செய்யலாம். உள்ளே இலவம்பஞ்சு என்றால் மட்டும் வேண்டாம். வழுவழுப்பான குட்டை இழை, எந்த இடைவெளி கிடைத்தாலும் நழுவி வந்துவிடும். அதற்கு நாலு பக்கமும் நெருக்கமாக அடைத்த உறையை முதலில் தைத்துக்கொண்டு, மேலே பட்டி பிடிக்க வேண்டும்.