தவறிப்போனால் யார் பொறுப்பு?

நமது கடைகளில் அடிக்கடி நேர்வது இது. சாப்பாட்டுக் கடைக்காரர் ஒருவர் ஐந்து மூட்டை அரிசிக்குச் சொல்லியனுப்புகிறார். சிப்பந்தி விலாசத்தில் ஓர் எண்ணை மாற்றி எழுதிவிடுகிறார். லாரி வேறிடம் போய்த் திரும்புகிறது. முப்பது வெள்ளி கூலி அதிகம். மோசம் செய்ய எவரும் எண்ணவில்லை. அந்த முப்பது வெள்ளி யார் கணக்கில் ஏற வேண்டும்?

“தெரியாமல் நடந்தது, அல்லாஹ் மன்னிப்பான்” என்று நாம் சொல்லிவிடுகிறோம். இதில் இரண்டு கணக்குகள் உண்டு. ஒன்று பாவக் கணக்கு. மற்றது பிறருடைய ஹக்கு. அறியாப் பிழைக்குப் பாவமில்லை. ஆயினும் பிறருக்கு நேர்ந்த நஷ்டம் அதனால் தீர்ந்துவிடாது. தவறுதலாக ஒரு முஃமினின் உயிரைப் போக்கியவரும் அவர் குடும்பத்தாருக்கு ஈட்டுத்தொகை கொடுக்க வேண்டும். அவர்கள் விட்டுக்கொடுத்தாலன்றி அது நீங்காது என்பது அன்னிஸா அத்தியாயத்தின் 92-ஆம் ஆயத்து தரும் சட்டம். ஆகவே, மன்னிக்கும் உரிமை நஷ்டப்பட்டவருடையது, நம்முடையதல்ல.

தொகை சிறியது என்பதும் சாக்காகாது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டில், வேறொரு மனைவியார் அனுப்பிய உணவுப் பாத்திரம் உடைந்தது. அது ரோஷத்தால் நேர்ந்தது. நாயகமவர்கள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் நல்ல பாத்திரம் ஒன்றைப் பதிலுக்குக் கொடுத்தனுப்பாமலும் விடவில்லை. புகாரி ஷரீபில் காணும் செய்தி இது. ஒரு பாத்திரத்துக்கே அவ்வளவு பேணுதல்! எனவே நம் கடையின் பிழைக்கான கூலியை வாங்குபவரின் பில்லில் ஏற்றுவது தகாது.

அப்படியானால் சிப்பந்தியின் சம்பளத்தில் பிடிக்கலாமா? அவர் நம் பொருளை அமானிதமாகக் கையாள்பவர். வரம்பு மீறினாலோ, அசட்டையாயிருந்தாலோ அன்றி அவர் மீது பொறுப்பில்லை என்பது நம் ஷாபியீ மத்ஹபின் சட்டம். டெலிபோனில் சொன்ன எண் காதில் பிசகி விழுந்திருந்தால் அது பிழை. திரும்பப் படித்துக்காட்டிச் சரிபார்க்கும்படி நாம் சொல்லியிருந்தும் செய்யாமல் விட்டிருந்தால் அது அசட்டை. முதலாவதன் செலவு கடையுடையது. இரண்டாவதில்தான் அவரிடம் கேட்க இடமுண்டு.

அப்போதும் கேட்காமல் பிடிப்பது கூடாது. சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டமும், சிப்பந்தி தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளித்த பின்பே பிடிக்கலாம், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்கிறது.

நாம் செய்யக்கூடியது எளிது. பேரேட்டில் ‘பிழைச் செலவு’ என்று ஒரு பக்கம் ஒதுக்கி, இத்தகைய சில்லறை நஷ்டங்களை அதில் எழுதி வருவோம். தண்டனைக்குப் பயந்த சிப்பந்தி பிழையை மறைப்பார். மறைத்த பிழை முப்பது வெள்ளியோடு நிற்காது. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நாயகமவர்கள் ஒருமுறையேனும் “ஏன் இப்படிச் செய்தாய்?” என்று கடிந்ததில்லை. அந்த முன்மாதிரி நம் கல்லாப்பெட்டி அருகிலும் இருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி வைப்பானாக! ஆமீன்.