மால்ட்டுக் கூழும் வெப்பநிலைமானியும்

பீர் என்ற சொல்லைக் கண்டதும் ஆசிரியப் பெருமக்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இக்கட்டுரை குடியைப் பற்றியதன்று. வெப்பநிலையைச் சரியாக அளப்பதைப் பற்றியது. பிரிட்டனில் 1963 முதல் உரிமம் இன்றியே, சொந்த உபயோகத்திற்கு வீட்டில் பீர் தயாரிக்கலாம். அந்த அடுக்களை வேலையில் நம் வெப்பவியல் பாடம் பெரிதும் அடங்கியிருக்கிறது.

முளைகட்டி உலர்த்திய பார்லிக்கு மால்ட் என்று பெயர். அதை நொறுக்கி, வெந்நீரில் கலந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூழாக வைத்திருப்பார்கள். அப்போது இரண்டு நொதிகள் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 பாகை சென்டிகிரேடு வரை நன்கு இயங்கும். 70ஐ எட்டினால் விரைவில் சிதைந்துவிடும். ஆல்பா அமைலேஸ் 70 பாகையையும் தாங்கும்; ஆனால் ஈஸ்ட்டு உண்ண இயலாத டெக்ஸ்ட்ரின்களை மிகுதியாக விட்டுவைக்கும். எனவே 63 பாகையில் வைத்த கூழ் இலேசான பீரையும், 69 பாகையில் வைத்தது கனத்த பீரையும் தரும். மூன்று பாகை தவறினால் நினைத்தது கிடைக்காது. பின்னால் திருத்தவும் வழியில்லை.

வெந்நீர் எத்தனை பாகையில் இருக்க வேண்டும்? இது நாம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் கலவை முறைக் கணக்கேதான். மால்ட்டின் தன்வெப்பம் சுமார் 0.4. 20 பாகையிலுள்ள 5 கிலோ மால்ட்டை 66 பாகைக்கு உயர்த்த 5 × 0.4 × 46 = 92 கிலோகலோரி தேவை. 15 லிட்டர் நீர் இதைத் தருமாயின் ஏறத்தாழ 6 பாகை குளிரும். ஆகவே நீர் 72 பாகையில் இருக்க வேண்டும். பாத்திரமும் தன் பங்கைக் கேட்கும் என்பதால் அதை முன்னரே சூடாக்கிக்கொள்வது நலம்.

கணக்கு எளிது, அளப்பதுதான் கடினம். கூழ் கெட்டியானது, வெப்பம் அதனுள் மெதுவாகவே பரவும். ஓரிடத்தில் 68, ஒரு சாண் தள்ளி 64 என்று காட்டினால் வியப்பில்லை. நன்றாகக் கிளறி, குமிழை நடுஆழத்தில் நிறுத்தி, அளவு நிலைத்த பிறகே படிக்க வேண்டும். மூன்று நான்கு இடங்களில் பார்ப்பது நல்லது. கண்ணாடி உடைந்தால் உணவு நஞ்சாகும், ஆதலால் பாதரச வெப்பநிலைமானி இதற்கு ஆகாது.

கருவியையும் சோதிக்க வேண்டும். உருகும் பனிக்கட்டியில் 0 காட்ட வேண்டும். கொதிநீரில் 100 காட்டுமா என்பது ஊரைப் பொறுத்தது. அமெரிக்காவில், வீட்டில் பீர் வடிப்போர் சங்கம் 1978ல் தோன்றிய போல்டர் நகரம் ஏறக்குறைய 1,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நீர் சுமார் 95 பாகையிலேயே கொதிக்கும். இதை அறியாதவர் நல்ல கருவியைக் குப்பையில் எறிவார்.

முற்காலத்தில் ஆங்கில வடிப்போர், கொதித்த நீரை ஆறவிட்டு, ஆவி விலகி அதில் முகம் தெரியும்போது மால்ட்டைக் கொட்டினர். வெப்பநிலைமானியைக் கொண்டு வடிக்கும் முறையை மைக்கேல் கோம்புரூன் 1762ல் நூலாக வெளியிட்டார். இத்தொழில் நடந்த வீட்டில்தான் ஜேம்ஸ் ஜூலும் வளர்ந்தார். அவர் தந்தைக்குச் சால்ஃபோர்டில் பீர் வடிசாலை இருந்தது. ஒரு பாகை பாரன்ஹீட்டில் 200ல் ஒரு பங்கைத் தம்மால் படிக்க முடியும் என்று ஜூல் கூறியபோது அறிஞர் பலர் ஐயுற்றனர். துடுப்பால் நீரைக் கலக்கி அவர் கண்ட ஏற்றமோ ஒரு பாகைக்கும் குறைவு.