எந்த ஆலையின் வண்டி இது?

மாணவர்களே! பாறை, ஓடை, சேறு இவற்றின் மேல் காலைத் தரையில் ஊன்றாமல் மோட்டார் சைக்கிளை ஓட்டிச் செல்வதே டிரையல்ஸ் போட்டி. இதில் வேகம் முக்கியமன்று, நிதானமே முக்கியம். 1960, 1970களில் இவ்வகை வண்டிகளுக்குப் பெயர் பெற்றவை ஸ்பெயினின் பார்சிலோனாப் பகுதியைச் சேர்ந்த புல்டாகோ, மோன்டேசா, ஓசா நிறுவனங்கள்.

பெயர் அழிந்த பழைய வண்டி ஒன்று கிடைத்தால், அது யாருடையது என்று எப்படி அறிவது?

முதலில் சிலிண்டரின் உள்விட்டத்தையும், பிஸ்டன் நகரும் நீளத்தையும் அளக்க வேண்டும். விட்டத்தின் வர்க்கத்தை 0.7854ஆல் பெருக்கி, மீண்டும் நகர்வு நீளத்தால் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். 250 வகைப் புல்டாகோ ஷெர்பாவில் விட்டம் 7.2 செ.மீ., நகர்வு 6 செ.மீ.; கொள்ளளவு 244.3 க.செ.மீ. மோன்டேசா கோட்டா 247இல் விட்டம் 7.25 செ.மீ., நகர்வு அதே 6 செ.மீ.; கொள்ளளவு 247.7 க.செ.மீ. வேறுபாடு அரை மில்லிமீட்டர்தான். வெர்னியர் அளவி அதைக் காட்டிவிடும்.

ஆனால் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. தேய்ந்த சிலிண்டரை ரீபோர் செய்து, சற்றுப் பெரிய பிஸ்டனைப் பொருத்துவது வழக்கம். அப்போது 72 மி.மீ. விட்டம் 72.5 மி.மீ. ஆகலாம். அளவு மட்டும் பார்த்தால் புல்டாகோவை மோன்டேசா என்போம்!

ஆகவே வேறொரு சான்றும் தேவை. அதுவே சேசிஸிலும் என்ஜினிலும் பொறித்த எண்கள். புல்டாகோ ஆலையில் இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்தனர். எண்ணின் முற்பகுதி மாதிரியைக் குறிக்கும். 1964இல் தோன்றிய முதல் ஷெர்பா டி, மாதிரி 10 ஆகும். இரண்டு எண்களும் வேறுபட்டால், பிற்பாடு ஒரு பகுதி மாற்றப்பட்டது என்று கொள்ளலாம்.

ஓர் அளவீட்டை அதனோடு தொடர்பற்ற மற்றொன்றால் சரிபார்ப்பதே ஆய்வுக்கூடத்திலும் நாம் பின்பற்றும் முறை.

ஷெர்பாவின் சிலிண்டரை 73 மி.மீ. வரை கடைந்தால் அது 250 க.செ.மீ. வரம்பைத் தாண்டுமா? கணக்கிட்டுப் பாருங்கள்.